கேமராமேல் கட்டைவிரல்

விரல்நாடி மகான் உலகை உய்விக்கப் பிறந்தவர். ஆனால் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார், எல்லாம் இணையத்தில்தான். வீடியோ அழைப்பில் நோயாளி தன் போன் கேமராமேல் கட்டைவிரலை அழுத்த வேண்டும். மகான் கண்ணை மூடி நாடி பார்ப்பார். கேமராவே மூடியிருக்கும்போது கண்ணைத் திறந்து என்ன ஆகப்போகிறது? லட்சக்கணக்கானோர் லைக் போட்டிருந்தார்கள். இத்தனை பேர் சேர்ந்து பொய்யா சொல்வார்கள்!

தையற்காரரும் அப்படித்தான் நினைத்தார். மகான் சொன்னார் என்று சர்க்கரை மாத்திரையைத் தூக்கிப் போட்டார். அவர் அனுப்பிய பொடியை விழுங்கினார். காலில் ஊசி குத்திய புண்ணுக்கு மட்டும் மகானின் மகிமை எட்டவில்லை. அது கறுத்துக்கொண்டே வந்தது.

"இப்படிக் கறுத்தா உடனே டாக்டர்கிட்டப் போகணுமாம். பெரியாஸ்பத்திரியே அவங்க இணையப் பக்கத்துல போட்டிருக்காங்க," என்று மனைவி போனை நீட்டினாள்.

"நீ போன்ல பாத்தா அறிவு, நான் பாத்தா முட்டாள்தனமா?"

"சொல்றது யாருன்னு நான் பாத்தேன். கைதட்டுறது எத்தனை பேருன்னு நீங்க பாத்தீங்க."

"மகான் போகச் சொல்லட்டும், போறேன்."

"அதான் சரிண்ணே!" என்றார் பக்கத்துக் கடை முடிதிருத்துபவர். அவரும் பொடிக் கட்சி.

மனைவி வீடியோவில் மகானை அழைத்தாள். "ஐயா, என் தங்கச்சிக்குப் பேச்சே வரல. நீங்கதான் பாக்கணும்." சொல்லிக்கொண்டே, கவுன் மாட்டி நிறுத்தியிருந்த கடைப் பொம்மையின் பிளாஸ்டிக் கட்டைவிரலில் கேமராவை ஒட்டவைத்தாள். தையற்காரர் வாயைத் திறந்தார். அவள் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார்.

மகான் நீளமாக மூச்சுவிட்டார். "நாடி தாறுமாறா ஓடுது. தூக்கமே இல்ல. எல்லாத்துக்கும் மூலகாரணம் தலைவலி. இடது பக்கம்தானே தாயி?"

"நேர்ல பாத்த மாதிரியே சொல்றீங்க ஐயா! அந்தத் தலையையும் கொஞ்சம் பாத்துடுங்க."

போனைத் திருப்பினாள். பொம்மைக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை.

மகானின் கண்கள் திறந்தன. உடனே சிக்னல் போய்விட்டது. பாவம், ஞானிகளையும் நெட்வொர்க் விட்டுவைப்பதில்லை.

முடிதிருத்துபவர் உருகிப்போனார். "தலையே இல்லாத இடத்துல வலியைக் கண்டுபிடிச்சாரே! என்ன சக்தி, என்ன சக்தி!"

தையற்காரர் அவரைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

"வண்டியைக் கூப்பிடு," என்றார் மனைவியிடம்.

ஆஸ்பத்திரியில் திட்டு விழுந்தது, கால் தப்பியது. மகான் வேறு பெயரில், இப்போது காதுமடல் பார்க்கிறார். கூட்டத்துக்குக் குறைவில்லை.

பொம்மைக்குத் தலை வைக்காதது செய்தவன் சிக்கனம். நமக்கு ஓசியில் வைத்தே அனுப்பியிருக்கிறார்கள். லைக்கை அழுத்துமுன் அதையும் ஒருமுறை பயன்படுத்திப் பார்க்கலாம், தேய்ந்துபோய்விடாது.