ஓட்டுநர் களைத்திருக்கிறார்

"ஓட்டுநர் களைத்திருக்கிறார். வண்டியை நிறுத்தி ஓய்வெடுக்கவும்" என்றது கார்.

லிப்ட் ஆய்வாளர் ஏற்கெனவே விரிந்திருந்த கண்களை மேலும் விரித்தார். இமைகள் வலித்தன. சாலையைக் கடந்த நாயும், அதன் கழுத்துப்பட்டையில் ஆடிய வில்லையும்கூட அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தன.

பக்கத்து இருக்கையில் மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?"

"நானா? அந்த நாய் கழுத்துல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லட்டுமா?"

"வீம்புக்கு ஒண்ணும் குறைச்சலில்ல. கண்ணு எப்படிச் செவந்திருக்கு பாருங்க."

"கண்ணக் கொட்டாம முழிச்சா செவக்காதா?"

கல் தெறித்து விரிசல் விட்ட முன்கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்த நாளிலிருந்து இதே பாட்டுதான். கண்ணாடியின் உச்சியில் அமர்ந்து ஓட்டுநரின் கண்களைக் கண்காணிக்கும் அந்தச் சிறு கேமராவின்மேல், வேறொருவராக இருந்தால், ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் இவரோ, எச்சரிக்கை மணியை அணைத்துவைத்த லிப்டுகளுக்குப் பூட்டுப் போடுவதைத் தொழிலாகக் கொண்டவர். மணி அடித்தால் எங்கோ கோளாறு உண்டு என்பதே அவருடைய ஒரே தத்துவம். அந்தத் தத்துவம் இப்போது அவரையே கடித்துக்கொண்டிருந்தது.

கார் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்குப் போன் செய்தார்.

"நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க சார்?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"ஏம்மா, நான் கேமராவப் பத்திப் புகார் சொல்றேன்."

"கேமராவும் உங்களப் பத்திப் புகார் சொல்லியிருக்கு சார். ரெண்டையும் பதிவு பண்ணிக்கிட்டேன்."

சர்வீஸ் நிலையத்துக்குத் தனியாக ஓட்டிச் சென்றபோது கார் வாயே திறக்கவில்லை. மெக்கானிக் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ள, இருவரும் நான்கைந்து தெருக்களைச் சுற்றி வந்தார்கள். அப்போதும் மௌனம். டாக்டரைக் கண்டதும் வயிற்றுவலி மறந்துபோகும் குழந்தையின் சாமர்த்தியம் அதற்கு வாய்த்திருந்தது.

"கேமரா கிண்ணுனு இருக்கு சார்," என்றான் மெக்கானிக். "தப்பா நெனைக்காதீங்க, வீட்டுல வேலை ஜாஸ்தியா?"

அதை மனைவியிடம் சொன்னது பிசகாகிவிட்டது. பள்ளி ஆசிரியையான அவள் அன்றே வீட்டு வேலைப் பட்டியலைத் திருத்தினாள்.

"இனிமே ராத்திரிப் பாத்திரத்த நான் கழுவிக்கிறேன். நீங்க சாப்பிட்டதும் போய்ப் படுங்க."

"உனக்கு விடைத்தாள் திருத்துற வேலை இருக்கே?"

"எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன். போங்க."

அவர் படுத்தார், அடித்துப்போட்டாற்போல் உறங்கினார். மறுநாள் காலை கார் ஒருமுறைக்கு இருமுறை கத்தியது. இருமுறையும் மனைவி பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தூங்காதீங்கன்னா!"

"உலுக்காதடி! வண்டி ஓட்டுறேன்!"

ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் தென்படவில்லை. எதற்கும் இன்னும் கொஞ்சம் தூங்குங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்பிவைத்தார் டாக்டர். ஆகவே, விடியற்காலையில் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவது, துணிகளைத் தேய்ப்பது, மகளை எழுப்பிப் பள்ளி வண்டியில் ஏற்றுவது என்று அவர் பங்கில் எஞ்சியிருந்த வேலைகளும் மனைவியின் பங்குக்குக் குடிபெயர்ந்தன. விளக்கு வெளிச்சம் அவர் உறக்கத்தைக் கலைக்கக்கூடாதென்று, சமையல் மேடையின்மேல் விடைத்தாள்களைப் பரப்பி, நின்றபடியே திருத்தினாள் அவள்.

ஆய்வாளரின் முகம் மினுமினுத்தது.

"என்ன சார், மறுபடியும் மாப்பிள்ளை ஆகப்போறீங்களா?" என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள்.

கார் மட்டும் மசியவில்லை. வீட்டு வாசலில் தொடங்கி, மனைவியை இறக்கிவிடும் பள்ளிக்கூட வாசல்வரை கத்தித் தீர்க்கும். பிறகு தொண்டை கட்டியதுபோல் ஓய்ந்துவிடும். அதற்குள் தமக்குத் தூக்கம் தெளிந்துவிடுகிறது போலும் என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

ஒரு நாள் மாலை, நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. இன்னும் ஒரே ஓர் எச்சரிக்கை பதிவானாலும் உரிமத் துறைக்கு அறிக்கை போய்விடுமாம். உரிமம் போனால் கட்டடம் கட்டடமாக வண்டியில் அலையும் உத்தியோகமும் போய்விடும். செய்தியைப் படித்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் போய் நின்றார்.

"நாளைக்கு முதல்ல சர்வீஸ், அப்புறந்தான் உன் பள்ளிக்கூடம். ஒண்ணு கேமரா மாறணும், இல்ல நான் வேலைய மாத்தணும்."

"அதுவரைக்கும் அது கத்தாம இருக்கணுமே?" என்றாள் மனைவி. யோசித்தாள். "நான் பேசிக்கிட்டே வர்றேன். என் பேச்சுல உங்களுக்கு எங்க தூக்கம் வரும்?"

மறுநாள் சொன்னபடியே பேசினாள். மகளின் கணக்குப் பாடம், தலைமையாசிரியையின் நாக்கு, தேய்ப்புப்பெட்டியின் அறுந்த வயர் என்று மூச்சுவிடாமல் பேசினாள். கார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சர்வீஸ் நிலையத்து வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே, தேர்வில் தேறியவரைப்போல் இறங்கினார் ஆய்வாளர்.

"இன்னைக்கு வழி முழுக்கக் கத்தலப்பா! ஆனாலும் எனக்குப் புது கேமராதான் வேணும்," என்று மெக்கானிக்கிடம் தொடங்கினார்.

"மறுபடியும் வந்துட்டீங்களா சார்? அதான் அன்னைக்கே..."

காருக்குள் பேச்சு ஓய்ந்திருந்தது.

"ஓட்டுநர் களைத்திருக்கிறார். வண்டியை நிறுத்தி ஓய்வெடுக்கவும்."

"போச்சு! லைசென்ஸ் போச்சு!" ஆய்வாளர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், நான் இங்க வெளிய நிக்கிறேன்யா! நின்னுக்கிட்டே தூங்குறதுக்கு நான் என்ன குதிரையா?"

மெக்கானிக் குனிந்து சன்னல் வழியே உள்ளே பார்த்தான். அண்ணாந்து கேமராவைப் பார்த்தான். அது பார்த்துக்கொண்டிருந்த திசையில் தானும் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, உதட்டின்மேல் விரலை வைத்தான்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார். கண்ணாடி மாத்துனப்ப கேமரா திரும்பிக்கிச்சு போல. இத்தனை நாளா அது பாத்துக்கிட்டிருந்தது உங்கள இல்ல, அக்காவ."