முழங்கால் தண்ணியில் மூழ்கிய பேய்

மாமனார் வீட்டில் நல்ல பெயர் வாங்க ஆயிரம் வழிகள் இருக்கின்றன. பேய் வேஷம் அவற்றில் ஒன்றல்ல. இதை நான் 2005-ல், மரக்காணத்தில், உடம்பெல்லாம் சேற்றோடு தெரிந்துகொண்டேன்.

நான் செல்வியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவன். உப்பளம் வைத்திருந்த அவள் அப்பா கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார். என்னோடு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறமும் எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவளிடம்தான் சொல்வார். "அவரச் சாப்புடச் சொல்லு." (நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.)

அந்த ஐப்பசியில் செல்வியின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் மகள் நிவிக்கு எட்டு வயசு. அக்டோபர் கடைசி நாள். அவள் ஊரில் அன்றைக்கு ஹாலோவீனாம். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்களாம். "இங்க யாருமே கொண்டாட மாட்டீங்களா?" என்று காலையிலிருந்து அழுகை.

"நான் ஏற்பாடு பண்றேன்" என்றேன், மாமனார் காதில் விழும்படி.

சாயங்காலம் நிவியும் தெருப் பிள்ளைகளும் கண்மையில் மீசை வரைந்துகொண்டு கிளம்பினார்கள். "மிட்டாய் குடுங்க, இல்லன்னா பயமுறுத்துவோம்!" என்று பக்கத்து வீட்டு மேரி அக்கா வாசலில் கத்தினார்கள்.

"பயமுறுத்துறது எதுக்குடி கண்ணு, முறுக்கே தர்றேன். உள்ள வந்து உக்காரு."

எந்த வீட்டிலும் யாரும் பயப்படவில்லை. ஒரு வீட்டில் இட்லி போட்டுவிட்டார்கள். நிவி முகம் மறுபடியும் வாடியது.

அதற்குத்தான் நான் இருந்தேனே! தெருக்கோடியில், மழைக்காகப் பனையோலை போட்டு மூடிய உப்புக் குவியல்மேல், கண்ணுக்கு ரெண்டு ஓட்டை போட்ட வெள்ளை பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். பொழுது சாய்கிற நேரம். பிள்ளைகள் வந்ததும் எழுந்து நின்று "ஊஊ" என்றேன். அடுத்த ஊ வருவதற்குள் ஓலை வழுக்கி, பின்பக்கம் மழைத்தண்ணீர் நின்ற உப்புப் பாத்தியில் தலைகுப்புற விழுந்தேன்.

கண்ணெதிரே நின்ற பேயைக் காணோம்! பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். "மாமா நிஜமாவே மறஞ்சிட்டாரு!" என்று, குரலிலேயே என்னை அடையாளம் கண்டிருந்த நிவி வீட்டில் போய்க் குதித்திருக்கிறாள். எல்லாரும் சிரித்தார்களாம். மாமனார் மட்டும், "எந்தப் பக்கம் மறஞ்சாரு?" என்று கேட்டுவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். சுனாமி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். ஆளைக் காணோம் என்றாலே அவர் தேடக் கிளம்பிவிடுவார்.

நானோ பெட்ஷீட்டை உதறி எறிந்துவிட்டு, சேற்றோடு மல்லுக்கட்டி எதிர் வரப்பில் ஏறியிருந்தேன். இந்தக் கோலத்தில் மாமனார் கண்ணில் மட்டும் படக்கூடாது என்பதே என் வேண்டுதல்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"மாப்ள! ஏம்பா, மாப்ள!"

திரும்பிப் பார்த்தேன். மாமனார் வேட்டியோடு பாத்தியில் இறங்கி, மிதந்துகொண்டிருந்த பெட்ஷீட்டைத் தூக்கி உலுக்கிக்கொண்டிருந்தார். குரல் உடைந்திருந்தது. (உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும்தான். இன்னொரு தடவை 'மாப்ள' கேட்டுக்கொள்ளலாமே என்று ஒரு நப்பாசை.)

"மாமா, இங்க இருக்கேன்."

டார்ச்சைத் திருப்பினார். தலை முதல் கால் வரை கறுப்பாக, பல் மட்டும் வெள்ளையாக ஓர் உருவம். "ஐயோ!" என்று அலறி, தண்ணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எழுந்து வந்து கையை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. தோளில் கிடந்த துண்டால் என் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். (துண்டும் சேறுதான். இருந்த சேற்றை இன்னும் நன்றாகப் பூசிவிட்டார்.)

"முழங்கால் தண்ணியில எவனாவது சாவானாப்பா? எனக்கே தெரியுது. ஆனாலும் பயந்துட்டேன்."

"நானும்தான் மாமா."

"நீ எதுக்குப் பயந்த?"

"உங்களுக்குத்தான்."

அவர் சிரித்தார். ரெண்டு பேரும் சொட்டச் சொட்ட வீடு வந்து சேர்ந்ததும், எங்களைப் பார்த்து நிவி கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

இன்றைக்கும் வீட்டுக்குப் புதுசாக யார் வந்தாலும் செல்வி இதைச் சொல்லாமல் விடுவதில்லை: "எங்கப்பா வாயிலேர்ந்து 'மாப்ள'ன்னு ஒரு வார்த்தை வர்றதுக்கு, இவரு ஒரு தடவை செத்துப் பொழைக்க வேண்டியதாப் போச்சுங்க!"