கத்திரிக்காய் எழுதின பரீட்சை

கிட்ட வந்து உக்காருங்க, கண்ணுங்களா. செஞ்சியில ஒரு கத்திரிக்காய் பரீட்சை எழுதின கதைய உங்களுக்குன்னே வச்சிருக்கேன். சிரிச்சு வயிறு வலிச்சா என்னைக் கேக்காதீங்க.

நர்ஸ் படிப்பு படிக்கும் ஆரோக்கியம் வாசலுக்கும் அடுப்படிக்கும் பறந்துகொண்டிருந்தாள். பரீட்சைக்கு வரைந்து வைத்த கர்ப்பப்பைப் படத்தை ஆடு தின்றுவிட்டது! ராஜகிரி மலைக்கோட்டை மேல் வெயில் ஏறிவிட்டது. அவள் முன்பின் பார்த்திராத, பரீட்சை வைக்கும் அம்மா இன்று வீட்டுக்கே வந்து பாடம் சொல்லச் சொல்லிக் கேட்பார். தவறினால் படிப்புக்கு முழுக்கு என்று நைனா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"அவங்க வர்ற நேரம், நல்ல சேலையக் கட்டுடி!" என்று சொல்லிவிட்டு அம்மா லூர்துமேரி பால் வாங்க ஓடினாள்.

ஆரோக்கியம் பெரிய கத்திரிக்காய் ஒன்றைக் காம்பு கீழே வரும்படி பிடித்தாள். இரண்டு பக்கமும் குழாய்க்கு நீளக் காராமணிக் காயை ஈர்க்குச்சியால் குத்தினாள். நுனிக்கொரு சின்ன வெங்காயம். ஆச்சு, கர்ப்பப்பை!

கஞ்சி போட்ட சேலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு அம்மாள் நுழைந்தார். கூடவே குடையோடு ஒரு பெரியவர். பின்னாலேயே செருப்பு வார் அறுந்த ஒருத்தி வந்து வாசற்படியில் நின்றாள்.

"உனக்கு இன்னா இன்னா தெரியும்? பயப்படாம சொல்லும்மா," என்றார் கண்ணாடிக்காரம்மா.

"இது கர்ப்பப்பைங்க. காம்புதான் அதோட வாய். வெங்காயம் சினைப்பை. மாசத்துக்கு ஒரு முட்டை இந்தக் குழாய் வழியா வரும்..."

பெரியவருக்குப் புரையேறியது. காராமணி நழுவியது.

"யக்கா, சும்மாதானே நிக்கிறீங்க, இதப் புடிங்க!" என்று வாசற்படிக்காரியிடம் திணித்தாள். அதற்குள் வெங்காயம் உருண்டது. கோழி கொத்திக்கொண்டு ஓடியது.

"ஐயோ, சினைப்பையத் தூக்கினு போவுதே!" துரத்தினாள், கிடைக்கவில்லை. மூச்சிரைக்கத் திரும்பினாள். "பரவால்லைங்க, ஒண்ணு இருந்தாலும் புள்ள பொறக்கும்! முட்டையும் விந்தும் சேந்தாத்தான் கரு. ஆணா பொண்ணான்னு முடிவு பண்றது ஆம்பள விந்துதான்."

கண்ணாடிக்காரம்மா வெடுக்கென்று பெரியவர் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கினீங்களா? மொத அஞ்சும் பொட்டையின்னு உங்கம்மா என்னை இன்னா பேச்சுப் பேசினாங்க!"

இது எந்தக் கேள்விக்குப் பதில்? ஆரோக்கியம் விழித்தாள்.

வாசலில் பால் சொம்பு விழுந்தது. "அடிப்பாவி! உன்னைப் பொண்ணு பாக்க வந்தவங்கடி இவங்க!" என்று லூர்துமேரி தலையில் கை வைத்தாள்.

ஆரோக்கியம் கத்திரிக்காயோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பரீட்சையும் நடக்கவில்லை, மானமும் போயிற்று. கண்ணில் தண்ணீர் முட்டியது.

செருப்பறுந்தவள் காராமணியை இன்னும் நீட்டிப் பிடித்தபடியே நின்றாள்.

"அழாதம்மா, நீ பாஸ். இந்தக் குழாய இப்பவாவது கீழ வைக்கலாமா? பரீட்சை வைக்க வந்தவ நான்தான்."

உங்க வீட்டுலயும் படிக்கிற பொண்ணுங்க படிப்பு தடையில்லாம நடக்கட்டும், கண்ணுங்களா. வாசப்படி ஏறி வர்றவங்க எல்லாரும் நல்ல சேதியாவே கொண்டாரட்டும்.