அரைக் கிலோ பட்டன்

மொரப்பூர் ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை. எந்த ரயில் முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுவதாகத் திட்டம். (திட்டம் என்பது ஒரு கௌரவத்துக்கு. எந்த வேலையை விட்டுக் கிளம்பினாலும் எனக்கு இதே திட்டம்தான்.) இந்தத் தடவை என்னைக் கிளப்பியது ஓர் எழுத்து.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓசூரில் ஒரு ஸ்டிக்கர் கடையில் இருந்தபோது கம்ப்யூட்டரில் கை பழகியது. அந்தத் தைரியத்தில் கடத்தூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் சலீம் பாய் வந்தார். ஒரு சந்துக்குள் மட்டன் கடை திறக்கிறார். சந்து முனையில், மெயின் ரோட்டில், அம்புக்குறியோடு ஒரு பேனர் வேண்டும். உள்ளே கடை இருப்பது அதைப் பார்த்தால்தான் தெரியும்.

"பஸ்ஸுல போறவன் திரும்பிப் பாக்கணும் தம்பி."

"எழுத்தே ஓடுற மாதிரி செஞ்சு தரேங்க பாய்."

உருண்டை எழுத்து என்றாலே அப்போது எனக்கு இளக்காரம். சினிமா டைட்டில் மாதிரி முன்னால் சாய்ந்து, மூலைக்கு மூலை கூராக நிற்பதுதான் எழுத்து என்பது என் கட்சி. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்திலும் வளைவைச் சீவி எறிந்தேன். எழுத்து பெரிதானதில் ஆட்டுப் படத்துக்கு இடம் போதவில்லை. ஆட்டையும் எடுத்துவிட்டேன்.

'ம'வுக்கு வலப்பக்கம் ஒரு வளைவு உண்டு. அதைச் சீவினால் மிஞ்சுவது 'ப'. இது ஒன்றாம் வகுப்புப் பாடம்.

ஞாயிறு காலை மெயின் ரோட்டில் 'பட்டன் ஸ்டால்' நின்றது. சிவப்பில், சாய்ந்து, பஸ்ஸை முந்தப் போவதுபோல. என் கண்ணுக்கு மட்டும் அது மட்டனாகவே தெரிந்தது. பதினொரு மணி வரை சந்துக்குள் போன ஒரே வெளியாள் ஒரு டெய்லர். தொங்கிய தொடைக்கறியைத் தாண்டி எட்டிப் பார்த்து, "ஏனுங்க பாய், சட்டைக்கு வெக்கிற பட்டன் எங்கீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"பட்டனா?"

"போர்டுல போட்டிருக்குதுங்களே!"

பாய் போய்ப் பேனரைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் கடைக்கு வந்தார். கத்தவில்லை. "ரெண்டு ஆடு வெட்டி வெச்சிருக்கேங்க. மொத நாளு. சொந்தக்காரங்களத் தவிர ஒருத்தர் வரல" என்றார். முதலாளி என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கெளம்பு."

ஊர் எல்லையைத் தாண்டியபோது பின்னால் மொபெட் சத்தம். பாய். வண்டியில் கத்தி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

"எங்கடா போற?"

"ரயிலுக்குங்க."

"புது பேனரு நாளான்னிக்குத்தான் வருமாம். கறி அத்தனையும் ஃப்ரீசர்ல கெடக்குது. நாளைக்குள்ள வித்தாவணும். நீ எழுதுனதை யாரு படிச்சுச் சொல்றது, உங்கப்பனா? ஏறு."

ஏறினேன். (இன்றைக்கும் ஞாயிறு காலை நான் பையை எடுத்தால், "அரைக் கிலோ பட்டன், எலும்பு கம்மியா" என்கிறாள் என் மனைவி. கறிக்கடைக்காரருக்கும் இது மனப்பாடம்.)

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பேனருக்குக் கீழே நின்றேன். போகிற வருகிற எல்லோருக்கும், "மட்டனுங்க, அது மட்டனுங்க" என்று வாசித்துக் காட்டுவது வேலை. அதுவரை நான் பார்த்த வேலைகளில் படிப்பு தேவைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.