ஹிக்மத் வரைந்த குதிரை

"உங்களோடதுதான், எடுத்துக்குங்க" என்று ரஃப்அத் சொன்னது உண்மைதான். அதற்காக மேல்வீட்டு ஷாகிர் நாற்காலியில் ஏறி ஓவியத்தை ஆணியிலிருந்து கழற்றுவார் என்று யார் கண்டது?

அலெக்ஸாண்ட்ரியாவில் விருந்தாளி ஒரு பொருளை நல்லா இருக்கு என்றால், வீட்டுக்காரர் அதை எடுத்துக்கொள்ளச் சொல்வார். "அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும்" என்று விருந்தாளி சொல்வார். அதற்குள் காபி வந்துவிடும். ரஃப்அத்தின் ஆயுளில் யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போனதில்லை.

"அண்ணே, நிஜமாவே எடுத்துட்டுப் போறீங்களா?"

"மனசாரக் கொடுக்கறீங்க. நான் மறுத்தா உங்களுக்கு வருத்தமா இருக்காதா?"

காபிக்குக்கூட நிற்காமல் ஷாகிர் படியேறிப் போய்விட்டார்.

ரஃப்அத் வெறும் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடற்கரையில் ஒரு குதிரை நிற்கும் ஓவியம் அது. குதிரை என்று ஹிக்மத் சொன்னதால் குதிரை. ஹிக்மத் அவருடைய மனைவி இன்ஸாஃபின் அக்கா. அம்மாவின் தையல் மெஷின் யாருக்கு என்ற தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த இரண்டு பேரும், ஹிக்மத் இந்த ஓவியத்தை வரைந்து கொண்டுவந்த அன்றுதான் கட்டிப்பிடித்து அழுதார்கள். விருந்தாளி அறையில், வாசலுக்கு நேர் எதிரே, இன்ஸாஃபே ஆணி அடித்து மாட்டினாள். இப்போது அவள் தன்தா என்ற ஊரில் அக்கா வீட்டில் இருந்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி அடித்தது.

"ஏங்க, நாளைக்கு அக்காவும் என்கூட வர்றா. தன்னோட படத்த எங்க மாட்டியிருக்கோம்னு பாக்கணுமாம்." பிறகு, பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழும்படி சத்தமாக, "கண்ணுக்குக் கண்ணா வெச்சிருக்கோம்னு சொல்லியிருக்கேன்!"

"கண்ணுக்குக் கண்ணாத்தான்" என்றார் ரஃப்அத், ஆணியைப் பார்த்தபடி.

படம் இல்லையென்றால் அக்காவும் தங்கையும் மறுபடி முகம் திருப்பிக்கொள்வார்கள். இன்ஸாஃப் மறுபடி சமையலறையில் தனியாக அழுவாள். அதைத்தான் அவரால் தாங்க முடியாது. ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது மானமுள்ளவன் செய்கிற காரியமா? ஒரே வழிதான் இருந்தது. மேலே போய் ஓவியத்தைப் புகழவேண்டும். ஷாகிர் எடுத்துக்கொள்ளச் சொல்வார். இவரும் மறுக்காமல் எடுத்துக்கொள்ளவேண்டும்.

மேலே எந்தச் சுவரிலும் குதிரை இல்லை. மீன் வடிவத்தில் ஒரு கடிகாரம் மட்டும் தொங்கியது. ரஃப்அத் குழப்பத்தோடு அதையே வெறித்துக்கொண்டு நின்றார்.

"கடிகாரம் பிடிச்சிருக்கா? உங்களோடதுதான்!"

"ஐயோ, அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும்."

எவ்வளவு மறுத்தும் கடிகாரம் அவர் கைக்கு வந்துவிட்டது.

"அப்புறம்... அந்தக் குதிரை?"

"எந்தக் குதிரை?" ஷாகிர் விழித்தார். "ஓ, அது குதிரையா! பக்கத்துக் கட்டடத்துல இருக்கற என் தங்கச்சி பஹீஜா வந்தா. பார்த்ததும் நல்லா இருக்குன்னா. கொடுத்துட்டேன்."

அவளுமா? ஒருவேளை அது நல்ல ஓவியம்தானோ, தனக்குத்தான் கண் இல்லையோ என்று ரஃப்அத்துக்குச் சந்தேகம் வந்தது.

பஹீஜா அவரை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே அவளுடைய புறாக்கூண்டுக்குக் கதவாக, கீல் எல்லாம் வைத்து, குதிரை ஆடிக்கொண்டிருந்தது. கடல் முழுக்கப் புறா எச்சம்.

ரஃப்அத் கூண்டுக்கு அருகே போனார். "என்ன அழகு!"

"புறாவா? உங்களோடதுதான்!" அவள் ஒரு ஜோடியைப் பிடித்து அவர் கோட்டுக்குள் திணித்தாள்.

"புறா இல்லம்மா, கதவு."

"கதவா?" அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எடுத்துக்குங்க. ஆனா ராத்திரி என் புறாங்களப் பூனை தின்னா உங்களுக்குப் பரவாயில்லயா?"

ரஃப்அத் வீட்டுக்கு ஓடினார். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கப் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து கூண்டுக்குக் கதவாக வைத்துவிட்டு, குதிரையோடும் புறாக்களோடும் திரும்பினார்.

மறுநாள் மாலை அக்காவும் தங்கையும் வாசலில் நின்றார்கள். எதிரே குதிரை. பக்கத்தில் மீன் கடிகாரம். பொன்வண்ண நாற்காலியில் இரண்டு புறாக்கள்.

ஹிக்மத் ஓவியத்துக்கு அருகே போய் நின்றாள். குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"மாப்ளே, இந்த வெள்ளைப் பறவைங்கள நான் வரைஞ்ச ஞாபகமே இல்லையே!"

எவ்வளவு தேய்த்தும் போகாத எச்சங்கள்.

"உங்க படத்தப் பாக்கப் பாக்கத்தான் ஒவ்வொண்ணாத் தெரியுது அக்கா" என்றார் ரஃப்அத்.

ஹிக்மத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் படத்த இப்படிப் பாத்தவங்க யாருமே இல்ல. உங்க படுக்கையறைக்கும் ஒண்ணு வரையறேன். இதைவிடப் பெருசா!"

இன்ஸாஃப் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அப்பாடா, சந்தோஷம் என்று ரஃப்அத் நினைத்துக்கொண்டார்.

ஊரிலிருந்து வந்தவர்களை விசாரிக்க ஷாகிர் எட்டிப் பார்த்தார். சுவரைப் பார்த்ததும் முகம் வெளுத்து, ரஃப்அத்தின் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துப் போனார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க அண்ணே! 'அந்தப் படத்தத் தினம் பாக்கச் சகிக்கல, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவரு எடுத்துக்குங்கம்பாரு, மறுக்காமக் கொண்டு போயிடுங்க, அக்காகிட்ட பழி அவரோட போகட்டும்'னு, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உங்க வீட்டம்மாதானே என்கிட்ட வந்து கெஞ்சினாங்க!"