எக்ஸ்பிரஸுக்கு டாக்டர் சீட்டு

மலாய் நாட்டில் பஸ் ஓட்டியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். தன்னைப் பரிசோதித்த டாக்டரையே வண்டியில் ஏற்றி, கிள்ளான் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போய், 'இப்ப எழுதுங்க' என்று கையெழுத்து வாங்கியவர் ஒருவர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய லைசென்ஸில் இருந்தது. எங்கள் பேட்டையான பிரிக்பீல்ட்ஸில் யாரும் அதைப் படித்ததில்லை. எங்களுக்கு அவர் எக்ஸ்பிரஸ்.

பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் நடுவே கொசு பஸ் ஓட்டினார். ஏழு பேர் உட்காரும் சின்ன வண்டிக்கு அந்தக் காலத்தில் அப்படித்தான் பெயர். ஒருநாள் ரயிலோடு போட்டி போட்டு, ரயில் கிள்ளான் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது இவர் வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து எக்ஸ்பிரஸ். இன்னொரு நாள் ரோட்டின் குறுக்கே மலைப்பாம்பு படுத்திருக்க, இறங்கிப் போய், "ஏய், எந்திரி. டைம் ஆச்சு" என்று அதட்டினாராம். பாம்பு எழுந்து போய்விட்டதாம். இதைக் கண்ணால் பார்த்ததாக என்னிடம் சொன்னவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். அத்தனை பேரும் அன்றைக்கு அந்த ஏழு பேர் வண்டியில்தான் இருந்தார்கள்.

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டாக்டரிடம் கிராணியாக, அதாவது எழுத்து வேலைக்காரனாக இருந்தேன். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். விதி என்றால் விதி. மூக்கில் ரத்தம் ஒழுகுகிற நோயாளியைக்கூட வரிசை தாண்டி உள்ளே விடமாட்டார். வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கண், காது, நெஞ்சு சரியாக இருப்பதாக டாக்டர் சீட்டு கொண்டுவந்தால்தான் லைசென்ஸைப் புதுப்பிப்போம் என்று அரசாங்க ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். எக்ஸ்பிரஸ் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

முதலில் கண். சுவரில் ஆங்கில எழுத்து அட்டை. எக்ஸ்பிரஸ் பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை.

"எழுத்து தெரியுதோ காணும்?" என்றார் டாக்டர்.

"எழுத்து நல்லா தெரியுது டாக்டர். அதுங்க பேருதான் தெரியல."

"பின்னை எப்பிடிச் சொல்லப் போறீர்?"

"மொதல்ல ஒரு கூடாரம். அடுத்து ஒடைஞ்ச வளையல். அதுக்கப்புறம் சீப்புல மூணு பல்லு. கடைசி வரியில ரெண்டாவது எழுத்து மேல எறும்பு போவுது."

டாக்டர் எழுந்து போய்ப் பார்த்தார். எறும்பு போய்க்கொண்டுதான் இருந்தது. கண்ணுக்கு 'சரி' போட்டேன்.

அடுத்தது காது. டாக்டர் மூலையில் நின்று முணுமுணுத்தார். "டாக்டர், நீங்க 'சாப்பிட்டாச்சா'ன்னு கேக்குறீங்க. அது இருக்கட்டும், வெளிய போற லோரியில ஒரு பிளக் செத்துப்போச்சு, கேக்குதா?" என்றார் எக்ஸ்பிரஸ். எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை. காதுக்கும் 'சரி'.

பிறகு நெஞ்சு. டாக்டர் குழாயை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நூற்றி இருபத்தெட்டு! இஞ்சை பாரும், உம்மடை நெஞ்சு ஓடுற வேகத்துக்கு நீர் பஸ் இல்லாமலே கிள்ளானுக்குப் போகலாம். இதுக்கு நான் கையெழுத்து வைக்கேலாது. இன்னொருக்கா வாரும்."

பாம்பை அதட்டிய மனிதர் நெற்றி வேர்க்க வெளியே வந்தார். வாசற்படி தாண்டியதும் மூச்சு சீராகிவிட்டது. நான் நாடியைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். மறுபடியும் நூற்றி இருபது.

லைசென்ஸ் முடிய பத்து நாள் இருந்தது. அது போனால் வண்டி போய்விடும். வண்டி முதலாளி வேறு ஆளைத் தேடத் தொடங்கியிருந்தார். எக்ஸ்பிரஸ் அசரவில்லை. காப்பியை விட்டார். பூசணிக்காய்ச் சாறு குடித்தார். ஒரு வாரம் யாரோடும் சண்டை போடாமல் இருந்தார். அது பிரிக்பீல்ட்ஸையே கவலைக்குள்ளாக்கியது. இரண்டாம் முறை வந்தபோது நூற்றி முப்பது.

மூன்றாம் முறை வேறு யோசனை. அறை பழகிவிட்டால் பயம் போய்விடும் என்று காலையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். வந்த நோயாளிகளுக்கெல்லாம் தைரியம் சொன்னார். "பயப்படாதக்கா, ஊசி கொசுக்கடி மாதிரிதான்" என்று ஒரு பெண்மணியை அவரே உள்ளே அனுப்பிவைத்தார். அன்றைக்கு எங்கள் நோயாளிகளில் ஒருவர்கூட அழவில்லை. கடைசியாக அவர் முறை வந்தது. நூற்றி முப்பத்திரண்டு.

"என்னாலை ஏலாது" என்று டாக்டர் பேனாவை மூடினார்.

எக்ஸ்பிரஸ் எழுந்திருக்கவில்லை. "டாக்டர், இது என் நெஞ்சுல உள்ள கோளாறு இல்ல. உங்க ரூம்ல உள்ள கோளாறு."

"என்ன கதைக்கிறீர்?"

"நான் இந்த ரூம்லயா வண்டி ஓட்டப் போறேன்? வண்டி வாசல்ல நிக்குது. அங்க வந்து புடிச்சுப் பாருங்க."

"பரிசோதனை எண்டால் அறைக்குள்ளைதான். அதுதான் விதி."

எக்ஸ்பிரஸ் என் பக்கம் திரும்பினார். "கிராணி, அந்தக் காயிதத்துல ரூமுன்னு எழுதிருக்கா?"

நான் தாளை மேலிருந்து கீழே படித்தேன். திருப்பியும் படித்தேன். அறை என்ற பேச்சே இல்லை. அதைச் சொன்னபோது டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் விதியில் இல்லாததை விதி என்று சொல்ல அவருக்கு மனம் வராது. குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தார்.

டாக்டர் முன் இருக்கையில், நான் தாளோடு பின்னால். ஸ்டீயரிங்கில் கை வைத்ததுமே நாடி நூற்றி நான்கு. எஞ்சின் முழங்கியது, தொண்ணூறு. வண்டி நகர்ந்தது. டாக்டர் அவருடைய இடது மணிக்கட்டை விடவில்லை. எக்ஸ்பிரஸ் கியர் மாற்றும்போதெல்லாம் டாக்டரும் சேர்ந்து மாற்றினார்.

ஓடுகிற பஸ்ஸைக் கண்டால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? முதல் திருப்பத்திலேயே மீன்கூடையோடு ஓர் அம்மாள் ஏறினார். டாக்டரைப் பார்த்ததும், "அண்ணே, ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று எக்ஸ்பிரஸைக் கேட்டார்.

"அதைத்தான்க்கா பார்த்துக்கிட்டிருக்காரு. நகந்து ஒக்காரு."

பத்து தீகா என்ற ஊரை நெருங்கும்போது ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. எக்ஸ்பிரஸ் பிரேக்கை மிதித்தார். மீன் டாக்டரின் மடியில் விழுந்தது. வண்டி, மாட்டின் கொம்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. எக்ஸ்பிரஸ் மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டு, டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இப்ப என்னுது எவ்ளோ டாக்டர்?"

"எ... எழுபத்திரண்டு."

"உங்களுது நூத்தி நாப்பது லா. பஸ் ஓட்ட வந்துடாதீங்க."

டாக்டர் மீனை எடுத்து உரியவரிடம் கொடுத்தார். கைக்குட்டையால் மடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "என்ரை அறைக்குள்ளை மட்டும் ஏன் காணும் உமக்கு இப்பிடி?"

எக்ஸ்பிரஸ் ஸ்டீயரிங்கைத் தட்டிக் காட்டினார். "வண்டியில ஏறிட்டா ஏழு பேரு உசுரு ஞாபகந்தான் இருக்கும் டாக்டர். உங்க ரூம்ல என் உசுரு ஒண்ணுதானே இருக்கு? அதை நெனச்சாத்தான் பயமா வருது."

டாக்டர் என்னிடமிருந்து தாளை வாங்கி, முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு வருஷா வருஷம் அதுவே வழக்கமானது. கண்ணும் காதும் அறையில். நெஞ்சு கிள்ளான் ரோட்டில். விதிக்கார டாக்டர் முந்தின நாளே புதுக் கைக்குட்டை எடுத்து வைப்பார்.

சில வருஷம் கழித்து ஒரு பரிசோதனை நாள். காலையில் அட்டையைக் கடகடவென்று சொல்லிவிட்டார். நாங்கள் கிளம்பினோம். அன்று வழியில் கை காட்டிய யாரையும் அவர் ஏற்றவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாடி எழுபது. டாக்டர் பேனாவைத் திறந்தார். எக்ஸ்பிரஸ் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"எழுதாதீங்க டாக்டர்."

"ஏன் காணும்?"

"அந்த மைல்கல்லுல என்னா நம்பர் இருக்குன்னு எனக்குத் தெரியல. காலையில உங்க அட்டையப் பார்த்துச் சொல்லல. எல்லாம் மனப்பாடம்."

டாக்டர் அவருடைய முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, இமையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. கண்ணாடிக்கு அடங்காது என்றார்.

"நீர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் கையெழுத்து வைச்சிருப்பன்."

"தெரியும் டாக்டர். அதான் தொறந்தேன். நேத்து ஒரு சைக்கிள்காரன் பக்கத்துல வந்தப்புறந்தான் தெரிஞ்சான்."

தாளில் 'தகுதியில்லை' என்று டாக்டர் எழுத வெகுநேரம் ஆயிற்று. எழுதிய பிறகுதான், வண்டியைத் திருப்பிக்கொண்டு போக வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. எக்ஸ்பிரஸே ஓட்டினார். டாக்டர் ஒரு பக்கம் எட்டிப் பார்த்து "மாடு! சைக்கிள்!" என்று கூவினார். மறுபக்கம் நான். ரயிலை ஜெயித்த மனிதர் அன்று நடக்கிற வேகத்தில் வந்தார். ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போனது. அவர் ஹாரன்கூட அடிக்கவில்லை.

முதலாளி அவரை விட்டுவிடவில்லை. கிள்ளானில் பஸ்கள் புறப்படும் இடத்தில் ஆள் ஏற்றிவிடும் வேலை கொடுத்தார். நான் போகும்போதெல்லாம் காலடிச் சத்தத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார். திரும்பிப் போக வண்டியையும் அவரேதான் பார்த்துச் சொல்வார். "இவன் வண்டியில ஏறாதீங்க கிராணி, பிரேக் சத்தம் சரியில்ல. அதுவும் வேணாம், அவன் நேத்து தூங்கல. ஒக்காருங்க, நல்ல ஆளா வரட்டும்." மூன்று பஸ், நான்கு பஸ் போய்விடும். பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்போம்.

இத்தனை நேரம் காக்க வைக்கிறாரே, உங்களுக்குக் கிள்ளானில் அப்படி என்ன வேலை என்று வீட்டில் கேட்பார்கள். எனக்குக் கிள்ளானில் ஒரு வேலையும் இருந்ததில்லை.