எலிப்பொந்துப் பாடம்

கன்னியம்மன் துணை

பெரிய காஞ்சிபுரம் ஹாஸ்டல்
15-2-1971, திங்கள் இரவு

அன்புள்ள கண்ணாயிரம் சித்தப்பாவுக்கு, அங்கம்மாள் வணக்கத்துடன் எழுதியது. இங்கே நான் நலம், பயம் மட்டும்தான். அங்கே அப்பா நலமா, இன்னும் வெளியில்தான் இருக்கிறாரா என்று உடனே எழுதவும். எல்லோரும் தூங்கியபின் ஜன்னலோரம் தெருவிளக்கில் எழுதுகிறேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு அடுப்பில் போடவும்.

எங்கள் லில்லி டீச்சர் போலீசுக்குத் துப்புக் கொடுக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். அவரவர் வீட்டு வேலையை வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்று வியாழக்கிழமை கடைசி பீரியடில் புதிதாக ஒன்று வைத்திருக்கிறார். முதல் வாரம் தேவகி தறி நாடா கொண்டுவந்து காட்டினாள். அவளுக்கென்ன, புடவை நெய்ததற்கு யாரைப் பிடித்துப் போவார்கள்? போன வாரம் என்னை நிறுத்தி, "இருளர் வீட்டுப் பாடம் சொல்லும்மா. உங்கப்பா எந்த வயல்ல எலி பிடிப்பாரு? பொந்துல இருக்கற நெல்லு யாருக்கு?" என்று கேட்டுச் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். நம் பேச்சில் எலிக்கு என்ன பெயர் என்றுகூடக் கேட்டார். எதற்கு? எலியையும் விசாரிப்பார்களா?

"ஏய், உங்கப்பா பொந்துல கைய வுடுவாராமே? பாம்பு இருந்தா இன்னாடி பண்ணுவாரு?" என்றாள் தேவகி. "வெளியவே பாத்தா தெரியும்" என்று உளறிவிட்டேன். எப்படித் தெரியும் என்று டீச்சர் பேனாவோடு பக்கத்தில் வந்துவிட்டார்.

நான் கலியன் மகள் இல்லையா? உண்மையைத் தலைகீழாக மாற்றிச் சொன்னேன். "வாய் வழவழன்னு தேய்ஞ்சிருந்தா எலி, தைரியமா கைய வுடலாம் டீச்சர். புது மண்ணு தள்ளியிருந்தா பாம்பு, கிட்டவே போவக்கூடாது." அதையும் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். நம் தொழில் தப்பித்தது.

இன்று பார்த்தால், வரப்பை உடைத்தாய் என்று போன வருஷம் அப்பாவைத் துரத்தினாரே ஓரிக்கை கோதண்டபாணி, அவரோடு டீச்சர் பள்ளி வாசலில் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். உள்ளே வந்து, "அங்கம்மா, சனிக்கிழமை அவர் வயலுக்கு நாம எல்லாரும் போறோம். உங்கப்பாவக் கடப்பாரையோட வரச் சொல்லி எழுது" என்கிறார். கடப்பாரை எதுக்கு சித்தப்பா? ஆளும் சாட்சியும் ஒரே இடத்துல கிடைக்கத்தானே! அப்பா அந்தப் பக்கமே தலைகாட்ட வேணாம். ஜுரம்னு சொல்லிப் படுத்துக்கினு இருக்கட்டும்.

சின்னம்மாவுக்கு வணக்கம், தம்பிக்கு முத்தம். கன்னியம்மன் நம் எல்லோரையும் லில்லி டீச்சரிடமிருந்து காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அங்கம்மாள், ஐந்தாம் வகுப்பு

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போதுதான் நினைவு வந்தது. அப்பா வராவிட்டால் டீச்சரே பொந்தில் கையை விட்டுக் காட்டுவாராம், வழவழவென்று இருப்பதாகப் பார்த்து. சித்தப்பா, அப்பாவை வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடவும். கடப்பாரையை மறக்க வேண்டாம். போலீஸ் வந்தால் நான் பொய் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு அது நன்றாக வருகிறது.